பத்து சென்டிமீட்டர் பசி

ஏப்ரல் 3

அக்காவுக்கு,

உங்கள் தம்பி போய் நாற்பத்தொரு நாள் ஆகிறது. நீங்கள் ஊருக்குத் திரும்பின பிறகு எழுதும் முதல் கடிதம் இது. போனில் கேட்டிருப்பேன். உங்கள் காதுக்குத்தான் போன் ஆகாதே. இருபத்தெட்டு வருஷம் தறிச் சத்தத்தில் நின்ற காது. அதனால்தான் அவரும் உங்களுக்குக் கடிதமே எழுதுவார். நான் எட்டாவதோடு நின்றவள், தப்பு இருந்தால் கண்டுகொள்ளாதீர்கள்.

அவரை எடுத்த அன்று எல்லார் முன்னாலும் "பயறை வேக வைச்சுப் போட்டே என் தம்பியைப் பட்டினியில கொன்னுட்டாளே"ன்னு கத்தினீர்கள். அவரோடு தெருவிளக்கு வேலை பார்த்தவர்கள் பன்னிரண்டு பேரும் நின்று கேட்டார்கள். நீங்கள் சொன்னது நிஜமா என்று தெரிய வேண்டும், அதற்குத்தான் எழுதுகிறேன்.

அவருடைய கருவிப் பையை எடுத்துப் போனீர்கள். சர்க்கரை பார்க்கிற மீட்டர் அதற்குள் இருக்கிறது. பை உங்களிடமே இருக்கட்டும். மீட்டரை மட்டும் அனுப்புங்கள். அதில் தேதி, மணியோடு எண்கள் நிற்கும். கடைசி எண் எனக்குத் தெரிய வேண்டும். ஏணியில் அவர் கால் வழுக்கி விழுந்தாரா, சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்தாரா என்று தெரிய வேண்டும். ஏணியைப் பிடித்திருந்தவர் சொன்னது இவ்வளவுதான்: "பதினொன்னரை இருக்கும். அண்ணன் மேல போய் நின்னார். பிடிச்சிருந்த கையை விட்டார்."

எனக்கு ஒரே ஒரு ஆறுதல் உண்டு. சாப்பாட்டு டப்பா காலியாக வந்தது. காலையில் நூற்றைம்பது கிராம் கொண்டைக்கடலை எடை போட்டு வைத்தேன். ஒன்றுகூட மிச்சம் இல்லை. பசியோடு போகவில்லை அவர்.

மீட்டரை அனுப்புங்கள்.

உங்கள் தம்பி மனைவி

---

ஏப்ரல் 11

சின்னவளுக்கு,

மீட்டர் தர முடியாது. என்னுடையது கீழே விழுந்து கண்ணாடி போய்விட்டது. எனக்கும் அதே வியாதி, அதே மாத்திரை. எங்கள் அப்பா விட்டுப்போன சொத்து அது ஒன்றுதான். இரண்டு பிள்ளைகளுக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்தார்.

மில்லில் என் வேலை என்ன என்று உனக்குத் தெரியும். துணி ஓட ஓட, விளக்கு வெளிச்சத்தில் குறை பார்ப்பது. ஓர் இழை அறுந்திருந்தாலும் என் கண் விடாது. ஜனவரியில் அவன் இங்கே வந்தபோது அவன் பெல்ட்டைப் பார்த்தேன். புதிதாக இரண்டு ஓட்டை, ஆணியால் குத்தியது.

"என்னடா இது?"

"இடுப்பு சின்னதாயிடுச்சுக்கா. பெல்ட்டுக்கு இன்னும் விஷயம் தெரியல."

என் முகத்துக்கு நேரே, உதடு தெரியச் சொல்லிவிட்டுச் சிரித்தான். தட்டில் போட்டு வைத்தேன். நாலு வாய் தின்றுவிட்டுத் தள்ளி வைத்தான். "பசிக்கலக்கா" என்றான். என் தம்பிக்கா பசிக்காது? தன் தட்டை முடித்துவிட்டு என் தட்டில் கை வைக்கிறவன் அவன். நீ அவனிடமிருந்து பசியையே எடுத்துவிட்டாய். அதற்கு ஒரு தாளும் பென்சிலும் வேறு. பசியை அளக்கிறாளாம். ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சிக்கு ஆள் கிடைக்கவில்லை என்று வீட்டில் ஒருவனைப் பிடித்து உட்கார வைத்தாயா?

காலி டப்பாவைக் காட்டி என்னைச் சமாதானப்படுத்தாதே. நீ எடை போட்டது கடலையை. அவனை எடை போட்டாயா?

அன்று சொன்னதில் ஒரு வார்த்தையையும் நான் திரும்ப வாங்க மாட்டேன்.

அக்கா

---

ஏப்ரல் 19

அக்காவுக்கு,

அவரையும் எடை போட்டேன். நவம்பரில் எண்பத்து நாலு கிலோ. பிப்ரவரியில் எழுபத்தாறு. இறங்க இறங்க எனக்குச் சந்தோஷம்.

என் வேலை இடத்தைப் பற்றி உங்களிடம் சொன்னதே இல்லை. ஆஸ்பத்திரியில் மூன்றாவது மாடி, சாப்பாட்டு ஆராய்ச்சிப் பிரிவின் சமையலறை. அங்கே அடுப்பு இரண்டு, தராசு ஐந்து. காலையில் வெறும் வயிற்றோடு ஆட்கள் வருவார்கள். ஒரு வாரம் உருளைக்கிழங்கு மசியல், அடுத்த வாரம் பயறு, கடலை, பீன்ஸ். இரண்டிலும் மாவுச்சத்து ஒரே அளவு. அரை மணிக்கு ஒரு தரம் நர்ஸ் விரலில் குத்திப் பார்ப்பார். மதியம் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று தட்டை நிறைத்துக் கொடுப்போம். மிச்சத்தை எடை போடுவது நான். நாலு வருஷமாக மிச்சம் எடை போடுகிறேன்.

கிழங்கு வாரத்தில் தட்டு கழுவின மாதிரி வரும். பயறு வாரத்தில் மிச்சம் இருக்கும். அதே ஆட்கள், அதே தட்டு. எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லைதான், ஆனால் நிறையப் பேருக்கு. டயட்டீஷியன் மேடம் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார்கள். "பயறுல இருக்கிற புரதமும் நாரும் வயித்தை விட்டுச் சீக்கிரம் கிளம்பாது. சர்க்கரையை ரத்தத்துல ஒரேயடியா கொட்டாது, சொட்டுச் சொட்டா விடும். அதனால பசியும் தள்ளிப் போகும்."

நாலு வருஷம் இதைக் கண்ணால் பார்த்துவிட்டு, வீட்டில் ஒரு மனுஷரை இருநூற்று அறுபது சர்க்கரையோடு சும்மா விட முடியுமா? சொல்லுங்கள்.

தாள் நான் கண்டுபிடித்தது இல்லை. அங்கே எல்லாருக்கும் கொடுப்பது. பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு. இடது முனையில் "பசியே இல்லை", வலது முனையில் "இதற்கு மேல் பசிக்க முடியாது". இப்போது எவ்வளவு பசியோ அந்த இடத்தில் பென்சிலால் ஒரு குறி போட வேண்டும். அச்சு சரியாக விழாத தாளில் ஒரு கட்டு வீட்டுக்குக் கொண்டு வந்தேன். உங்கள் தம்பி ஒவ்வொரு வேளையும் குறி போடுவார். "ஆபீஸ் திறந்தாச்சா?"ன்னு கேட்டுக்கொண்டேதான் சாப்பிட வருவார். ஜனவரியில் எல்லாக் குறியும் இடது பக்கம். சர்க்கரை நூற்றுப் பதினெட்டு. அதையெல்லாம் எழுதி வைத்த நோட்டைப் பக்கத்து வீட்டுக்காரிக்கெல்லாம் காட்டினேன்.

இனி எழுதப்போவதை யாருக்கும் சொன்னதில்லை.

பிப்ரவரியில் ஐந்து நாள் குறி வலது முனையில் இருந்தது. ஒரு நாள் கோட்டையே தாண்டி, தாளின் ஓரத்தில். அன்று எனக்கு லீவு, வீட்டில் இருந்தேன். முகமெல்லாம் வேர்த்து வந்து நின்றார்.

"பிஸ்கட் எங்க?"

"சாப்பிட்டு ரெண்டரை மணி நேரம்கூட ஆகல. அதுக்குள்ள பசியா? அது வயித்துப் பசி இல்ல, நாக்குப் பசி."

"நாக்கு இல்லடி. கை காலெல்லாம் பசிக்குது."

நான் சிரித்தேன். அக்கா, நான் சிரித்தேன். மறுநாள் பிஸ்கட் டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை வேலைக்குக் கொண்டுபோனேன்.

மீட்டரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் கடைசி எண் வரும். அதை மட்டும் எழுதி அனுப்புங்கள்.

உங்கள் தம்பி மனைவி

---

மே 2

சின்னவளுக்கு,

பிப்ரவரி 21, 11.01 — 56

பிப்ரவரி 21, 11.17 — 54

இதற்குப் பிறகு எதுவும் இல்லை. பதினாறு நிமிஷத்தில் எதற்கு இரண்டு தரம் குத்தினான் என்று எனக்குப் புரியவில்லை. உனக்குப் புரிந்தால் எழுது.

அக்கா

---

மே 10

அக்காவுக்கு,

எண்கள் கிடைத்தன. மேடத்திடம் காட்டினேன். யாருடையது என்று முதலில் சொல்லவில்லை. பார்த்ததும் "இது யாரோடது?" என்றார்கள். சொன்னேன்.

"மாத்திரை போட்டுக்கிட்டிருந்தாரா?"

மாத்திரையின் பெயரைச் சொன்னேன். கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார்கள்.

"பயறு ஆரம்பிச்ச பிறகு மாத்திரையைக் குறைச்சாங்களா?"

"இல்லீங்க. டாக்டர்கிட்ட அடுத்து மார்ச்சுலதான் போகணும்னு இருந்துச்சு."

அப்புறம் உட்கார வைத்துச் சொன்னார்கள். அந்த மாத்திரை நாம் என்ன சாப்பிட்டோம் என்று பார்க்காதாம். கொஞ்சம் சாப்பிட்டாலும், சர்க்கரை ஏற்கெனவே குறைவாக இருந்தாலும், அது பாட்டுக்கு இறக்கிக்கொண்டே இருக்குமாம். உடம்பு இளைத்து, சாப்பாடு குறைந்து, பயறும் சேர்ந்தால் மாத்திரையின் அளவையும் டாக்டர் குறைக்க வேண்டுமாம். இல்லையென்றால் சர்க்கரை தரைக்குப் போய்விடும். வேர்க்கும். கை நடுங்கும். பேய்ப் பசி பசிக்கும். அந்த ஐந்து வலது பக்கக் குறியும் அதுதான்.

இரண்டு தரம் ஏன் குத்தினார் என்று கேட்டீர்கள். சர்க்கரை இறங்கினால் உடனே இனிப்பு எதையாவது சாப்பிட்டு, கால் மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். அது மாத்திரை டப்பாவோடு வந்த தாளில் எழுதியிருக்கிறது. அவர் படித்திருக்கிறார். கால் மணி காத்தும் இருக்கிறார். சாப்பிடவும் செய்திருக்கிறார். ஆனால் கையில் இனிப்பு எங்கே இருந்தது? பிஸ்கட் என் அலமாரியில். அவர் பையில் இருந்தது என் கடலை. ஒரு மணிக்குச் சாப்பிட வேண்டியதைப் பதினோரு மணிக்கே நூற்றைம்பது கிராமும் தின்றிருக்கிறார்.

"அது மெதுவா ஏறும்மா" என்றார்கள் மேடம். எந்தக் குணத்துக்காகக் கடலையைக் கொடுத்தேனோ, அன்று அந்தக் குணமே ஆகாமல் போயிற்று. கால் மணியில் ஐம்பத்தாறு ஐம்பத்து நாலாயிற்று. மேலே விளக்கு மாற்ற வேண்டியிருந்தது. ஏறினார்.

முதல் கடிதத்தில் காலி டப்பா ஆறுதல் என்று எழுதியிருந்தேன். அந்த வரியை அடித்துவிடுங்கள்.

இன்னொன்று. எங்கள் பிரிவின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. யாரையெல்லாம் ஆராய்ச்சிக்குச் சேர்க்கக் கூடாது என்று. மூன்றாவது வரி: சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள். நாலு வருஷமாகத் தினமும் அந்தக் கதவைத் திறக்கிறேன். கணக்கு கலையும், அதனால்தான் என்று நினைத்திருந்தேன். ஒரு கிராம் தப்பாமல் எல்லாவற்றையும் எடை போட்டேன். மாத்திரையை மட்டும் தராசில் வைக்கவே இல்லை.

அன்று நீங்கள் சொன்னதில் பட்டினி என்பது பொய். மற்றது நிஜம்.

உங்கள் தம்பி மனைவி

---

மே 21

சின்னவளுக்கு,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு இடைவேளையில் மில்லிலேயே படித்தேன். பிறகு ஓடிய துணியில் எத்தனை குறை விட்டேன் என்று தெரியாது. மேற்பார்வையாளர் வந்து என் தோளைத் தட்டினார். இத்தனை வருஷத்தில் முதல் தடவை.

மற்றது நிஜம் என்று எழுதியிருக்கிறாய். இல்லை. இதோடு இருப்பதைப் படி. பிப்ரவரி 9 அன்று அவன் எனக்கு எழுதியது. நீ அறியாமல் எழுதினான். தாளை நான் தர மாட்டேன். பார்த்து எழுதி அனுப்புகிறேன்.

"அக்கா, வீட்டில் பசி அளக்கும் ஆபீஸ் நன்றாக நடக்கிறது. நான்தான் ஒரே எலி. ஆனால் இப்போது ஒரு தொல்லை. பத்து பதினோரு மணிக்குக் கை நடுங்குகிறது. திருகாணி பிடிபடவில்லை. குத்திப் பார்த்தால் அறுபத்தைந்து, எழுபது. உனக்குப் போன வருஷம் இப்படித்தானே வந்தது? நீ என்ன செய்தாய்? காலை மாத்திரையைப் பாதியாக்கலாமா? சின்னவளிடம் சொன்னால் பயறு தோற்றுவிட்டது என்று முகம் வாடிப்போகும். அதனால் உன்னைக் கேட்கிறேன்."

ஆமாம், எனக்குப் போன வருஷம் வந்தது. மில்லில் மயங்கி விழுந்தேன். டாக்டரிடம் போனேன். "மாத்திரையைப் பாதியாக்குங்க, பையில மிட்டாய் வச்சுக்குங்க" என்றார். என் பையில் இன்றைக்கும் மிட்டாய் இருக்கிறது.

இதை நான் அவனுக்கு எழுதியிருக்க வேண்டும். டாக்டரிடம் போடா என்றாவது எழுதியிருக்க வேண்டும். நான் எழுதியது இது: "டாக்டர் கொடுத்த மாத்திரையில் கை வைக்காதே. அவள் போடும் பயறை நிறுத்து, எல்லாம் சரியாகும்."

உன் பயறு தோற்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. என் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு உன் டப்பாவைத் தின்கிறானே என்று இருந்தது. அவ்வளவுதான் காரணம். வேறு பெரிய காரணம் இருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மீட்டரைப் பார்சலில் அனுப்பிவிட்டேன். எனக்கு வேண்டும் என்று சொன்னது பொய். ஒரு தரம்கூட அதில் குத்திப் பார்க்கவில்லை. முந்நூறு எண்தான் அதில் நிற்குமாம், முந்நூறும் அவனுடையது. நான் ஒன்று குத்தினால் அவனுடைய பழையது ஒன்று போய்விடும். அதனால் தொடவில்லை. மூன்று மாதமாக என் சர்க்கரை என்ன என்று எனக்கே தெரியாது. கால் பெருவிரலில் ஒரு புண் ஆறாமல் நிற்கிறது. அதை விடு.

அக்கா

---

ஜூன் 3

அக்காவுக்கு,

உங்கள் மேல் கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இருக்கிறது. உங்களுக்கும் என் மேல் இருக்கும். இருக்கட்டும்.

அவர் நாம் இரண்டு பேரும் சொன்னதைக் கேட்டார். நீங்கள் மாத்திரையைத் தொடாதே என்றீர்கள், தொடவில்லை. நான் பயறை விடாதே என்றேன், விடவில்லை. யாராவது ஒருத்தி சொன்னதை மட்டும் கேட்டிருந்தால் இன்றைக்கு இருப்பார். இல்லை, நாம் இரண்டு பேரும் ஒரு நாள் பேசியிருந்தால். உங்கள் பையில் மிட்டாய் இருப்பது எனக்குத் தெரியாது. என் அலமாரி பூட்டியிருப்பது உங்களுக்குத் தெரியாது.

மீட்டர் வந்து சேர்ந்தது. முந்நூறையும் பார்த்தேன். நவம்பர் 6-ல் ஆரம்பம், இருநூற்று அறுபத்தெட்டு. பார்த்து முடித்துவிட்டேன். திருப்பி அனுப்புகிறேன். புது பேட்டரி போட்டிருக்கிறது.

நீங்கள் குத்துங்கள். குத்தக் குத்த அவர் எண் ஒவ்வொன்றாக வெளியே போகும். போகட்டும். ஒரு நாளைக்கு இரண்டு தரம் பார்த்தால் ஐந்து மாதத்தில் முழுக்க உங்களுடையதாகிவிடும். அந்தக் கடைசி இரண்டு எண்தான் கடைசியாகப் போகும். அதுவரை நீங்கள் ஒரு வேளையும் விடக் கூடாது.

அதற்கு முன்னால் டாக்டரிடம் போய்க் காலைக் காட்டுங்கள். நாளைக்கே. எனக்கும் பயறா என்று கேட்காதீர்கள். டாக்டரிடம் சொல்லி, மாத்திரையைப் பார்க்கச் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள். கொஞ்சத்தில் ஆரம்பியுங்கள், இல்லையென்றால் வயிறு உப்பும். பையிலிருந்து மிட்டாயை மட்டும் எடுத்துவிடாதீர்கள், எப்போதும் இருக்கட்டும்.

நான் இன்னும் மிச்சம்தான் எடை போடுகிறேன். தட்டைத் திரும்ப வாங்கும்போது, "வீட்ல யாராவது சர்க்கரைக்கு மாத்திரை போடுறாங்களா? இதைப் பார்த்துட்டுப் போய் நீங்களா சமைச்சுப் போட்டுடாதீங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன். அது உன் வேலை இல்லை என்றார்கள் மேடம். அப்புறம் அவர்களே கதவில் இருந்த தாளை எடுத்து, மூன்றாவது வரியைப் பெரிய எழுத்தில் அச்சடித்து ஒட்டினார்கள்.

உங்கள் தம்பி மனைவி

---

ஜூன் 20

சின்னவளுக்கு,

டாக்டரிடம் போனேன். நிறையத் திட்டினார். காது கேட்காதது எவ்வளவு வசதி என்று அன்றுதான் தெரிந்தது. விரலை வெட்ட வேண்டியதில்லை, நல்ல வேளை வந்தீர்கள் என்று தாளில் எழுதிக் காட்டினார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்றுகிறார்கள். பயறைப் பற்றியும் கேட்டேன். சாப்பிடுங்கள், வாரம் ஒரு தரம் எண்களைக் கொண்டு வந்து காட்டுங்கள் என்றார்.

திங்கட்கிழமை காலை அவன் மீட்டரில் முதல் தரம் குத்தினேன். 231. அவனுடைய 268 போய்விட்டது. போகும் முன் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். தினமும் போவதை எழுதி வைக்கிறேன். இதற்கு நீ ஒன்றும் சொல்லக் கூடாது.

பயறு தின்கிறேன். அவன் சொன்னது சரிதான். பசிக்கவில்லை. மதியம் சாப்பாட்டு மணி அடிப்பது எனக்குக் கேட்காது, வயிறுதான் சொல்லும். இப்போது அதுவும் சொல்வதில்லை. பக்கத்துத் தறிக்காரி வந்து இழுத்துக்கொண்டு போகிறாள்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நீ எனக்கு எழுதிய கடிதம் எல்லாம் அந்தப் பசித் தாள்களின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறாய். வீட்டில் மிச்சம் இருந்த கட்டு போலிருக்கிறது. நேற்று எல்லாவற்றையும் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். குறை பார்க்கிற கண், சும்மா இருக்காது. நாலு கடிதம், பதினேழு தாள். ஒரு கோட்டிலும் ஒரு குறி இல்லை.

பயறா, கிழங்கா, எதைத் தின்கிறாய் நீ? தின்கிறாயா?

அக்கா

---

ஜூன் 29

அக்காவுக்கு,

ஊர் மிச்சத்தையெல்லாம் எடை போடுகிறேன். என் தட்டில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று யாரும் கேட்கவில்லை. நீங்கள் கேட்டுவிட்டீர்கள்.

பிஸ்கட் டப்பா நேற்று வரை பூட்டியேதான் இருந்தது. திறந்தேன். நமத்துப் போயிருந்தது.

இந்தத் தாளைத் திருப்பிப் பாருங்கள். குறி வலது பக்கம், எட்டாவது சென்டிமீட்டரில். போட்டுவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தேன், எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தேன். கடலை வேகிறது. எடை போடவில்லை.

உங்கள் சின்னவள்